மக்கிய மரத்தரைக்கு மாற்று என்ன? கிள்ளான் பள்ளத்தாக்கு தந்த விடைகள்

பழைய வீட்டின் மரத்தரை மக்கிவிட்டால் என்ன செய்வது? கெட்ட பலகையை மட்டும் கழற்றிவிட்டு வேறு போடலாம். மொத்தத் தரையையும் பெயர்த்து அதே சாதி மரத்தில் புதிதாக அடிக்கலாம். மரமே வேண்டாமென்று கான்கிரீட் ஊற்றலாம். மருந்தடித்து இன்னும் சில வருடம் ஓட்டலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாக விடை சொல்லி வருகிறார்கள். மலாய்த் தச்சர், காலனியப் பொறியாளர், வாடகைக்கு விட்ட கடைவீட்டுக்காரர், மரபுடைமைக் காப்பாளர், கரையான் மருந்துக்காரர், பெட்டாலிங் ஜெயாவின் வீட்டுச் சீரமைப்புக் குத்தகையாளர் என்று பேசியவர்கள் பலர். அவர்கள் சொன்னதை எல்லாம் ஒன்றாக வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும்: தரை என்று சொல்லும்போது ஒவ்வொருவர் மனத்திலும் வேறொரு தரை இருக்கிறது. இந்த விவாதத்தின் குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

எந்தத் தரை?

இந்த வட்டாரத்தில் மரத்தரைகள் குறைந்தது மூன்று வகை. கால்மேல் தூக்கிக் கட்டிய பலகை வீடு முதல் வகை. மலாய்க் கம்பத்து வீடுகளும் தோட்டத்துரைமாரின் பங்களாக்களும் பழைய தோட்ட லயங்களில் ஒரு பகுதியும் இதில் அடங்கும். தரைக்கு அடியில் ஆள் குனிந்து போகும் இடைவெளி இருக்கும், அதில் காற்று ஓடும்.

இரண்டாவது, கடைவீட்டின் மாடித்தரை. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சூறையாடிய பிறகு, பிராங்க் சுவெட்டன்ஹாம் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த காலத்தில், அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் விலக்கப்பட்டு நகரம் செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் மாறியது. சுவர் மாறியதே தவிர மாடித்தரை மாறவில்லை. பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை மர உத்திரங்களை ஓட்டி, மேலே பலகை அடித்தார்கள். லெபோ அம்பாங்கில் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய கிட்டங்கிகள் எழுந்ததும் இத்தகைய கடைவீட்டு வரிசையில்தான். கிள்ளானின் பழைய கடைத்தெருக்களும் இப்படித்தான்.

மூன்றாவது வகைக்குப் பெட்டாலிங் ஜெயாவே சான்று. கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க, 1950களின் தொடக்கத்தில், சுமார் 1,200 ஏக்கர் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்தில் எழுந்த நகர் அது. பழைய நகரப் பகுதியில் சிறு மனைகளில் பலகையும் அரைச்சுவருமாக வீடுகள் வந்தன. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் இரட்டை மாடி வரிசை வீடுகள் பெருகின. அவற்றில் கணிசமானவற்றுக்கு மேல்மாடி மரப்பலகை. கீழ்த்தளத்தில் கான்கிரீட்டின்மேல் தார்ப்பசையில் ஒட்டிய பார்க்கே மரத்துண்டுகள். இன்று ‘தரை மக்கிவிட்டது’ என்று பெட்டாலிங் ஜெயாவில் ஒருவர் சொன்னால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறார். ஆனால் அவருக்குக் கிடைக்கும் ஆலோசனை முதல் இரண்டு வகைகளுக்கு எழுதப்பட்டதாகவோ, இங்கிலாந்து வீட்டுக்கு எழுதப்பட்டதாகவோ இருக்க நேர்கிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்டிய பின்பே அது தலையெடுக்க முடியும். 28, 30 விழுக்காட்டை எட்டும்போது செழித்து வளரும். குளிர்நாட்டில் கணப்பு மூட்டிய அறையின் மரம் 8 முதல் 12 விழுக்காட்டில் நிற்கும். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் கிள்ளான் பள்ளத்தாக்கில், நன்றாக உலர்ந்த மரம்கூட 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவது அரிது. மலேசியக் கட்டுமான வழக்கில் 19 விழுக்காடு வரை உலர்மரம் என்றே கொள்வார்கள். ஆக, இங்கே மரம் எப்போதும் ஆபத்துக் கோட்டுக்கு ஓர் அடி இப்பால் நிற்கிறது. குழாயில் ஒரு சிறு கசிவு, கூரையில் ஓர் உடைந்த ஓடு, அடைபட்ட ஒரு காற்றுத்துளை போதும், கோடு தாண்டிவிடும்.

இதனால்தான் ஆங்கிலக் கையேடுகளைக் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. அவை பக்கம் பக்கமாக அஞ்சும் ‘உலர் மக்கல்’ பூஞ்சையான செர்ப்புலா லாக்ரிமான்ஸ் குளிர்நாட்டுப் பிறவி. 26 டிகிரி வெப்பத்தை நெருங்கும்போதே அதன் வளர்ச்சி தளரும். பகலில் 32, 33 டிகிரி காயும் பெட்டாலிங் ஜெயாவில் அதைத் தேடி, மக்கிய இடத்தைச் சுற்றி ஒரு மீட்டர் நல்ல மரத்தையும் வெட்டியெறிவதற்குக் காரணம் போதாது. இங்குள்ள மக்கல் ஈரம் இருக்கும் இடத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். இங்கே அலைந்து திரிவது கரையான்தான். கோப்டோடெர்மெஸ் என்னும் நிலத்தடிக் கரையான் பேரினம் மண்ணிலிருந்து சுவர் விரிசல் வழியாக மண்குழாய் கட்டி மாடி வரை ஏறும்.

கடைவீட்டு உத்திரம் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தால் இது விளங்கும். நடுப்பகுதி எண்பது, நூறு வருடம் கழிந்தும் ஆணி இறங்காத அளவு வைரம் பாய்ந்து நிற்கும். சுவருக்குள் புதைந்த கடைசி ஐந்தாறு அங்குலம் மட்டும் கறுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். திருப்புளி முனையால் அழுத்தினால் பிடி வரை போகும். சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவராக இருந்தவரை உள்ளே வந்த ஈரம் மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் சாயமும் ஏறின. போக வழியில்லாத ஈரம் உத்திர முனையில் தேங்கியது. முற்றத்தை ஒட்டிய உத்திரங்கள், குளியலறைக் கதவடியிலுள்ள பலகைகள், அஞ்சடி நடைபாதைக்கு மேலே நீட்டி நிற்கும் முன்னறையின் சன்னலடி ஆகியவை முதலில் போவதும் இதே காரணத்தால்தான். பலகைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் பாயையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மேலே பளபளப்பாக இருக்கும். வருடக்கணக்கில் தூக்கிப் பார்க்காவிட்டால் அடியில் பலகை புட்டாகியிருக்கும்.

கெட்டதை மட்டும் மாற்று

விடைகளில் மிகப் பழையது தச்சருடையது. மலாய் வீடு ஆணியைவிடப் பொருத்தையும் ஆப்பையும் நம்பிக் கட்டப்பட்டது. பாகம் பாகமாகக் கழற்றலாம், வீட்டையே பெயர்த்து வேறிடத்தில் நிறுத்தலாம். கெடாவிலிருந்து 1990களில் பெயர்த்தெடுத்து, கோலாலம்பூர் ஜாலான் ஸ்டோனரில் பாடான் வாரிசான் மலேசியா என்ற மரபுடைமை அமைப்பு நிறுத்திய ரூமா பெங்ஹுலு அபு செமான் என்னும் வீடு இதற்குக் கண்முன் நிற்கும் எடுத்துக்காட்டு. அத்தகைய வீட்டில் பலகை மாற்றுவது பழுதுபார்ப்பின் அன்றாடப் பகுதி. வீடு பழையதாக இருக்கும், அதன் ஒவ்வொரு பலகையும் அதே வயதாக இருக்க வேண்டியதில்லை.

இந்த எண்ணம் தமிழருக்கும் புதிதல்ல. கோயில்களில் பாலாலயம் செய்து, சிதைந்ததை நீக்கி, குடமுழுக்கு நடத்தும் ஜீர்ணோத்தாரண மரபு இருக்கிறது. அங்கும் உறுப்பு மாறலாம். இடமும் முறையும் மாறக்கூடாது. ஜப்பானின் இசே கோயிலோ இன்னும் ஒரு படி மேலே போய், இருபது ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் புதுமரத்தில் எழுகிறது. அண்மைய முறை 2013.

தச்சர் விடையின் பலம் சிக்கனம். உத்திர முனை மட்டும் போயிருந்தால் அதை அறுத்துவிட்டு, இருபுறமும் புதுச் சட்டம் சேர்த்துப் போல்ட்டு முறுக்கினால் போதும். நல்ல மரத்தைத் தொட வேண்டாம். பலவீனம், அது இரண்டு அனுமானங்களில் நிற்கிறது: நல்ல மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, தச்சரும் இருக்கிறார். இவை இரண்டும் ஒரு காலத்தில் உண்மை. இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. மாற்றுவதற்கு வரும் மெராந்திப் பலகை, கழற்றிய பலகைக்கு, அதாவது செங்கால் என்னும் உறுதியான உள்ளூர் மரத்துக்கு, நிகரான உழைப்பைத் தராது. கெப்போங்கிலுள்ள வன ஆய்வு நிலையத்தின் ‘இடுகாட்டுச் சோதனை’ இந்த வேறுபாட்டை அளக்கிறது. இரண்டடி முளைகளை மண்ணில் நட்டு எத்தனை ஆண்டில் அழிகின்றன என்று பார்ப்பார்கள். பத்தாண்டு தாண்டினால் மிக உறுதி, இரண்டாண்டு தாங்காவிட்டால் உறுதியற்றது. செங்கால் முதல் வகுப்பில் இருக்கிறது. மெராந்தி என்ற பெயரில் விற்பதில் பல சாதி கலந்திருப்பதால் அதை ஒரே வகுப்பில் வைக்க முடியாது. எந்த மரத்திலும் வெளிறு என்னும் வெளிப்புற மரம் உறுதியற்றதே. வைரம் என்னும் உள்மரத்தைப் பற்றித்தான் இந்த வகுப்புகள் பேசுகின்றன. கடையில் பலகை வாங்கும்போது ஒரு விளிம்பு வெளுத்திருந்தால் அந்த விளிம்பில்தான் அடுத்த கதை தொடங்கும்.

கான்கிரீட் ஊற்று

இன்று பெட்டாலிங் ஜெயாவில் அதிகம் கேட்கும் விடை இது. மக்காது, கரையான் தின்னாது, கீழ்த்தளத்துக்குச் சத்தம் குறைவாக இறங்கும், குளியலறை வைக்கலாம். இவை எல்லாம் உண்மை. கீழ்த்தளப் பார்க்கே பெயர்ந்தால் அதைத் திரும்ப மரத்தால் நிரப்பச் சொல்வதற்கு வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அடியிலுள்ள கான்கிரீட்டில் ஈரத்தடுப்புத் தாள் இல்லாவிட்டால் எந்த மரத்தையும் மண்ணின் ஈரம் தூக்கிவிடும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலமும் கிள்ளானும் பட்ட பாட்டுக்குப் பிறகு தாழ்ந்த பகுதிகளில் பீங்கான் ஓட்டை நாடுவதைக் குறைசொல்ல முடியாது. அதே வெள்ளம் கால்மேல் நிற்கும் வீட்டின் பழைய அறிவையும் நினைவுபடுத்தியது. தரையடி இடைவெளியை மண் நிரப்பிச் சிமெண்டு போட்டவர் காற்றோட்டத்தோடு அந்த உயரத்தின் பயனையும் சேர்த்தே இழக்கிறார்.

மாடித்தரையில் கணக்கு வேறு. பலகையும் உத்திரமும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்குத் தோராயமாக 40 கிலோ. நான்கங்குலக் கான்கிரீட் தளம் 240 கிலோ. நாலுக்கு ஐந்து மீட்டர் அறையில் 800 கிலோ இருந்த இடத்தில் 4,800 கிலோ. 1984ஆம் ஆண்டின் கட்டட ஒருமைத் துணைவிதிகள் வீட்டுத் தரைக்கு ஆள், சாமான் சேர்த்துக் கணக்கிடச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. அதாவது, தளம் வெறுமனே இருந்தாலே பழைய தரை சாமானோடும் ஆளோடும் தாங்கிய பாரத்தை மிஞ்சிவிடுகிறது. அந்தப் பாரம் சுவர் வழியாக ஆழமில்லாத செங்கல் அடித்தளத்தில் இறங்குகிறது. கடைவீட்டிலும் வரிசை வீட்டிலும் அந்தச் சுவரில் பாதி பக்கத்து வீட்டாருடையது.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. உத்திரங்கள் சுமை தாங்குவதோடு இரண்டு சுவர்களையும் ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிடுங்கினால் இரண்டு மாடி உயரச் செங்கல் சுவர் பிடிமானமின்றி நிற்கும். பகுதி பகுதியாகத் தாங்கு கொடுத்துச் செய்வதே முறை; நேரம் பிடிக்கும், கூலியும் ஏறும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி (சட்டம் 133) இத்தகைய மாற்றத்துக்கு மாநகர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும், கட்டமைப்பை மாற்றுவதால் பொறியாளரின் வரைபடமும் வேண்டும். ‘ஓடு மாற்றுகிறோம்’ என்று சொல்லித் தொடங்கும் வேலைகளில் இது விட்டுப்போகும் அபாயம் உண்டு.

இடைவழியும் ஒன்று வளர்ந்திருக்கிறது: எஃகு உத்திரம், அதன்மேல் நெளிதகடு, மேலே மெல்லிய கான்கிரீட்; அல்லது எஃகுச் சட்டத்தின்மேல் சிமெண்டுப் பலகை. எடை குறைவு. ஆனால் எஃகு முனையும் அதே ஈரச் சுவருக்குள்தான் போகிறது. மரம் மக்கிய இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும், துரு பருத்துச் செங்கல்லைப் பிளக்கும். சுவரின் ஈரத்தை விட்டுவிட்டுத் தரையின் பொருளை மட்டும் மாற்றினால் நோய் இடம் மாறுமே தவிர தீராது.

மருந்தடி

மருந்தின் வரலாற்றில் இந்தியருக்கு ஒரு தனி இடம் உண்டு. டேராடூன் வன ஆய்வு நிலையத்தின் சோன்தி காமேசன் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் சேர்ந்த மரக்காப்பு மருந்தை உருவாக்கினார். ‘அஸ்கு’ என்ற பெயரில் அறிமுகமாகி, பிறகு சி.சி.ஏ. என்ற பெயரில் உலகம் முழுவதும் தந்திக் கம்பங்களிலும் வீட்டு மரங்களிலும் இறங்கியது. அழுத்தத்தில் ஏற்றினால் உறுதியற்ற மரமும் பல ஆண்டு தாங்கும் என்பதால், செங்கால் கிடைக்காத குறைக்கு இதுவே விடை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆர்செனிக்கைப் பற்றிய அச்சத்தால் 2003 முடிவில் அமெரிக்க உற்பத்தியாளர்கள் வீட்டுப் பயன்பாட்டுக்கு அதைத் தருவதை நிறுத்தினார்கள். ஐரோப்பாவும் கட்டுப்பாடு விதித்தது. கரையானுக்காக மண்ணில் ஊற்றிய குளோர்டேன், ஆல்டிரின், டீல்டிரின் மூன்றும் 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தொடக்கப் பட்டியலிலேயே இடம்பெற்றன. ஒருமுறை ஊற்றினால் பல்லாண்டு நிற்கும் என்ற அவற்றின் பெருமையே அவற்றின் குற்றமாகிவிட்டது.

பின்னர் வந்தவை மென்மையானவை. போரான் உப்பு ஈரமரத்தில் தானாகப் பரவும். உத்திர முனையில் துளையிட்டுக் குச்சியாகச் செருகலாம். நீர் நேராகப் படும் இடத்தில் கரைந்து போய்விடும். கரையானுக்கு, தோலுரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த இரை வைத்துக் கூட்டத்தையே அழிக்கும் முறை வந்திருக்கிறது. அது வேலை செய்கிறது, ஆனால் யாராவது தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மக்கிய பகுதியைச் சுரண்டி எப்பாக்சிப் பிசின் ஊற்றும் வழியும் உண்டு. அடியிலுள்ள ஈரம் நிற்காவிட்டால் பிசினும் மரமும் சேரும் விளிம்பிலேயே மக்கல் திரும்பும். மருந்து எதுவானாலும் மக்கிய மரத்துக்கு இழந்த பலத்தைத் திரும்பத் தராது.

மரபைக் காப்பாற்று

பழையதைத் தொடாதே என்ற ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினுக்கும், கட்டடம் அடைந்திருக்க வேண்டிய முழுமையைக் கொடு என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-துக்குக்கும் இடையிலான பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கு கல் கட்டடங்களைச் சுற்றியே நடந்தது. மரம் அதில் சரியாகப் பொருந்தவில்லை. மரபுடைமை பற்றிய 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணம், உண்மைத்தன்மையை ஒவ்வொரு பண்பாடும் தன் வழியில் மதிப்பிடலாம் என்று ஏற்றபோது ஆசிய மரவீடுகளுக்கு மூச்சு கிடைத்தது. 1999இல் பன்னாட்டு மரபுடைமைக் காப்பு அமைப்பான இக்கோமோஸ் வெளியிட்ட மரக் கட்டடக் கொள்கைகள் நடைமுறைக்கு நெருக்கமானவை: மாற்றும் மரம் அதே சாதியாக இருக்கட்டும், புதுத்துண்டில் கண்ணை உறுத்தாத குறியிட்டு வையுங்கள், எதிர்காலப் பழுதுக்காக மரம் வளர்க்கும் காடுகளை ஒதுக்குங்கள். 2017இல் டில்லியில் இவை விரிவுபடுத்தப்பட்டன.

மலேசியாவில் இந்த நெறி 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் (சட்டம் 645) வழியாக ஒரு சில கட்டடங்களை எட்டுகிறது. பினாங்கின் சியோங் ஃபாட் சீ மாளிகை போன்ற சீரமைப்புகள் இது முடியும் என்பதைக் காட்டின. பெட்டாலிங் ஜெயாவின் 1960களின் வரிசை வீடுகளை மரபுடைமையாக எண்ணுவோர் அரிது. அதே சாதி மரம் என்ற விதி செங்காலில் முட்டிக்கொள்கிறது. மலாய்த் தீபகற்பத்திலும் தென் தாய்லாந்திலும் மட்டும் இயற்கையாக வளரும் அந்த மரம் மெதுவாக முதிர்வது. விதியைக் கடைப்பிடிக்க ஒரு வீட்டைக் காப்பாற்றி ஒரு காட்டைக் குறைப்பதா என்ற கேள்விக்கு அந்தக் கொள்கைகளிடம் ‘காடு ஒதுக்குங்கள்’ என்பதற்கு மேல் பதில் இல்லை.

பணம் யாருடையது?

தொழில்நுட்ப விவாதங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டிப்போட்டது. குடியிருந்தவருக்கு அது பாதுகாப்பு. உரிமையாளருக்குக் கூரை ஓடு ஒன்றை மாற்றவும் ஊக்கமில்லை. சில வெள்ளி செலவில் நின்றிருக்க வேண்டிய கூரை ஒழுக்கு பல ஆண்டுகளில் உத்திரத்தைத் தின்றது. சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, இடைக்காலமும் முடிந்து 1999 முடிவில் கட்டுப்பாடு முற்றாக விலகியதும் ஒரே நேரத்தில் பெரும் பழுது, பெரும் மாற்றம், பெரும் இடிப்பு. கடைவீட்டு மாடித்தரைகள் மரத்தின் பலவீனத்தால் அழிந்தன என்ற பொதுக்கருத்தை இந்த வரலாற்றோடு சேர்த்தே எடைபோட வேண்டும். பராமரிக்காத கான்கிரீட்டின் ஆயுளும் அப்படி ஒன்றும் பெருமைக்குரியதல்ல.

முடியாத வழக்குகள்

சிலவற்றில் ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. ஈரத்தின் வழியைக் கண்டு அடைத்த பிறகே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் தச்சரும் காப்பாளரும் பொறியாளரும் இன்று பெரும்பாலும் உடன்படுகிறார்கள். கீழ்த்தளத்துக்கும் குளியலறைக்கும் மரத்தை வற்புறுத்த வேண்டியதில்லை. பொதுச்சுவர் தாங்கும் மாடித்தரையில் முனைகளை மட்டும் மாற்றுவது எடையிலும் செலவிலும் முழுக் கான்கிரீட்டைவிட மேலாகவே தோன்றுகிறது. நடுமரம் நன்றாக இருந்தால் மட்டும்.

தெளிவில்லாதவை வேறு. எஃகு முனை, மருந்தேற்றிய மெராந்தி, பழைய செங்கால் மூன்றையும் ஒரே வகைச் சுவரில் முப்பது நாற்பது ஆண்டு விட்டுப் பார்த்த ஒப்பீடு இல்லாமல் எதன் ஆயுளையும் உறுதியாகச் சொல்வது கடினம். இடுகாட்டுச் சோதனை மண்ணில் நட்ட முளையைப் பற்றியது. சிமெண்டுப் பூச்சுக்குள் புதைந்த உத்திர முனைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. பொதுச்சுவரில் ஒரு வீட்டார் ஏற்றும் பாரத்தால் அடுத்த வீட்டில் விரிசல் விட்டால் அதன் காரணத்தை நிறுவுவதும் எளிதன்று, குறிப்பாக இரண்டு பக்கமும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு குத்தகையாளர் கைவைத்திருந்தால்.

பழைய செங்காலுக்கு இன்று முக்கிய வழி மறுபயன்பாட்டுச் சந்தை. இடித்த வீட்டுப் பலகைகளை வாங்கி, ஆணி பிடுங்கி, இழைத்து விற்கிறார்கள்; வைரம் மாறாத மரம், புதுமரத்தைவிட உலர்ந்தது, வளைவதும் குறைவு. தொழில்நுட்ப அளவில் இதைவிடப் பொருத்தமான மாற்றுப் பலகை கிடைப்பது அரிது. அதன் வரத்து முழுவதும் வேறெங்கோ இன்னொரு பழைய வீடு இடிவதைச் சார்ந்தது. அந்தக் கையிருப்பு எவ்வளவு, எத்தனை வீடுகளின் பழுதுக்கு அது வரும், அது தீர்வதற்குள் நட்ட செங்கால் முதிருமா என்ற கணக்கை இனிமேல்தான் யாராவது போட வேண்டும்.